சாட்சி சொன்ன வாய்

அத்தியாயம் 11

கொடியில் துணி காயப் போடும்போது அம்மா இடது கையைத் தூக்கவே இல்லை. அதைப் பார்த்துத்தான் தமிழினிக்கு விஷயம் பிடிபட்டது. போன வாரம் அந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

விட்டுப் போனவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். “என் மனைவி மார்பில் இருந்த கட்டியை ஆண்டவர் கரைத்துவிட்டார்” என்று ஜனவரி மாதம் சபை நடுவில் எழுந்து சாட்சி சொன்னவர் கண்டக்டர் இளையபெருமாள். அந்தக் கட்டி கரையவில்லை. கோலிக்குண்டு அளவில் இருந்தது இப்போது எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்திருக்கிறது. ஏழு மாதமாக மகாலட்சுமி அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சமைத்தாள், துவைத்தாள், ஞாயிறு தவறாமல் சபைக்கும் போய் வந்தாள்.

சனிக்கிழமை சாயந்திரம் மகளிடம் மாட்டிக்கொண்டபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“உங்க நைனாகிட்ட மட்டும் சொல்லிடாத.”

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை. மணி ஏழு.

இளையபெருமாளுக்கு ஞாயிறு என்றாலே முகத்தில் தனிக் களை வந்துவிடும். வாரம் முழுக்கக் காக்கி, இன்று ஒரு நாள் வெள்ளைச் சட்டை. அதை மேஜை மேல் விரித்து இஸ்திரி போட்டபடி பாடிக்கொண்டிருந்தார். குரல் சுமார்தான், சத்தத்துக்குக் குறைவில்லை.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கெட்ட மனுஷன் இல்லை. நல்ல சேதி கிடைத்தால் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது, அதுதான் அவர் கோளாறு. செஞ்சிக்கும் வல்லத்துக்கும் நடுவே ஓடுகிற டவுன் பஸ்ஸில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கையோடு இந்தச் சாட்சியையும் கொடுத்துவிடுவார். “யோவ், ரெண்டு ஸ்டாப்பு போயிடுச்சு, மொதல்ல டிக்கெட்டப் போடுய்யா” என்று டிரைவர் பீமாராவ் கண்ணாடியில் பார்த்துக் கத்தின நாட்கள் உண்டு. சொல்லச் சொல்ல சாட்சியும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. ஜனவரியில் ‘கட்டி கரைந்தது’ என்று இருந்தது, சித்திரையில் ‘டாக்டர்களே மிரண்டு போனார்கள்’ என்று ஆகியிருந்தது. சாட்சிக்குப் பிறகு எந்த டாக்டரும் பார்க்கவும் இல்லை, மிரளவும் இல்லை.

தமிழினி காபியைக் கொண்டுவந்து மேஜை ஓரத்தில் வைத்தாள். திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வீடு. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை எப்படியாவது காப்பாற்றிவிட்டு மத்தியானம் பஸ் ஏறிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

“இன்னிக்கி சாட்சி வேளையில இன்னொரு தபா சொல்லலாம்னு இருக்கேன்மா” என்றார் இளையபெருமாள். “வல்லத்துலருந்து புதுசா ஆளுங்க வராங்களாம். கேட்டா அவங்களுக்கும் தெம்பா இருக்கும்.”

“வேணாம் நைனா.”

“ஏன்?”

“சொல்லாத. அவ்ளோதான்.”

“இன்னா ஆச்சு உனக்கு? ஆண்டவர் பண்ண நன்மைய சொல்றதுக்கு வெக்கமா?”

இதற்கு மேல் தமிழினியால் முடியவில்லை.

“கட்டி போகல நைனா. அப்படியே இருக்குது. பெருசாயிருக்குது. நேத்து நான் என் கையால தொட்டுப் பாத்தேன்.”

இளையபெருமாள் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டை கருகுகிற வாசனை வந்தது. தமிழினிதான் பாய்ந்து இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். வெள்ளைச் சட்டையின் முதுகில் பழுப்பாக ஒரு தழும்பு விழுந்திருந்தது.

அடுப்படியில் மகாலட்சுமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் வந்து நின்ற புருஷனின் முகத்தைப் பார்த்ததுமே கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

“திரும்பி வந்துடுச்சா லட்சுமி?”

“திரும்பி வரல மாமா. போகவே இல்ல.”

“நீதான சொன்ன… குறைஞ்ச மாதிரி இருக்குதுன்னு?”

“ஆமா சொன்னேன். நாப்பது நாளு ஒருவேளை சோத்தோட நீ ஜெபத்துல உக்காந்த. இடுப்புல பேண்ட்டு நிக்காம பெல்ட்டுக்கு ஓட்ட போட்ட. உன் மூஞ்சியப் பாத்து வேற இன்னா சொல்றது? குறைஞ்ச மாதிரி இருக்குதுன்னேன். மறுநாளு சபையில எழுந்து நின்னு போயே போச்சுன்னுட்ட.”

“அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?”

“எப்படிச் சொல்றது? பொம்பளைங்க பக்கம் எல்லாரும் திரும்பி என்னப் பாத்தாங்க. கை தட்டுனாங்க.” மகாலட்சுமி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். “நானும் தட்டுனேன்.”

இளையபெருமாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பொங்கல் கழித்து ஊசி டெஸ்டுக்கு வரச் சொல்லி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் தேதி போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டு வேதப் புத்தகத்துக்குள் இருந்தது. தேதி நெருங்கியபோது மகாலட்சுமி அதை எடுத்து நீட்டினாள். “சாட்சி சொன்ன அப்புறம் டெஸ்டுக்குப் போனா அது அவிசுவாசம்” என்று அவர்தான் சொன்னார். சொன்ன இடம், சொன்ன நேரம், அப்போது அவள் தலையாட்டிவிட்டுச் சீட்டை மடித்த விதம், எல்லாம் இப்போது ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை.

“வலிக்குதா?”

“ரெண்டு மாசமா வலிக்குது.”

“பயமா இல்லியா லட்சுமி உனக்கு?”

“பயந்தான். ஆண்டவர் கைவிட்டுட்டாருன்னு பயமில்ல. அவரு இன்னாத்தையோ நெனச்சு வெச்சிருக்காரு, எனக்குப் புரியல, இருந்துட்டுப் போவுது. உன்ன நெனச்சாத்தான் பயம். சொன்ன சொல்லு பொய்யாப் போச்சுன்னா நீ ஊருல தல நிமுந்து நடக்க மாட்டியே மாமா.”

அவளுக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது அவருக்கு. இருபத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவள், உடம்புக்குள் ஒன்று வளர்வது தெரிந்தும் புருஷனின் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துவிட்டு அவர் பஸ்ஸில் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். இளையபெருமாள் அழுதார். வாய்விட்டு, மகள் எதிரிலேயே.

தமிழினிக்கு மட்டும் சுத்தமான கை என்று நினைக்க வேண்டாம். ‘கரைஞ்சிடுச்சும்மா’ என்று ஜனவரியில் நைனா போனில் சொன்னபோது அவளும் ‘அப்பாடா’ என்றுதான் போனை வைத்தாள். பிள்ளைகளுக்குச் செல் பிரிவதைப் படம் போட்டு விளக்குகிறவள், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘டாக்டர் இன்னா சொன்னாரு?’ என்று கேட்டிருக்கலாம். சாப்டியா, தூங்குனியா என்று கேட்டதோடு சரி. நிம்மதி கிடைத்துவிட்ட பிறகு அதைக் கிளறிப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

“நாளைக்கு முண்டியம்பாக்கம் போறோம்” என்றார் இளையபெருமாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. “லீவு சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி இன்னிக்கி ஒரு வேலை இருக்குது.”

“இன்னா வேலை?” மகாலட்சுமிக்குப் புரிந்துவிட்டது. “வேணாம் மாமா. ஆஸ்பத்திரிக்கு வரேன், ஊசி போட்டுக்கறேன், நீ சொல்றதெல்லாம் கேக்கறேன். சபையில ஒண்ணும் சொல்லாத. உன் காலுல வுழறேன்.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். முதுகில் இருந்த பழுப்புத் தழும்பு அவருக்கு ஞாபகமே இல்லை.

சிங்கவரம் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கோட்டை பார்க்க வந்த வேன்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. டீக்கடையில் இருந்த ஒருத்தர் “இன்னா கண்டக்டரே, பிரேயருக்கா?” என்று கையைத் தூக்கினார். எப்போதும் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர் இன்று தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

தகரம் வேய்ந்த சின்ன சபை. பாஸ்டர் ஐயா வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இளையபெருமாள் சொல்லி முடித்ததும், துடைத்துக்கொண்டிருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். இந்தச் சாட்சியைச் சபையின் மாதத் துண்டறிக்கையில் முதல் பக்கத்தில் போட்டவர் அவர்தான்.

“பிரதர், சிஸ்டர நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் கூட வரேன். ஆனா இன்னிக்கி சபையில சொல்ல வேணாம்.”

“ஏன் ஐயா?”

“ஒரு வாரம் பொறுங்க. டெஸ்ட் ரிசல்ட் வரட்டும். சாதாரணக் கட்டின்னு வந்துட்டா?”

“வந்தாலும் நான் சொன்னது பொய்தானங்க ஐயா?”

பாஸ்டர் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார். “இப்பத்தான் ஜனம் வர ஆரம்பிச்சிருக்குது. புதுசா வந்தவங்க இடறிப் போயிடுவாங்க. உங்க சாட்சியக் கேட்டுத்தான் நாலு குடும்பம் வருது, தெரியுமா உங்களுக்கு?”

“அதனாலதான் ஐயா இன்னிக்கே சொல்லணும்.”

பாஸ்டர் மெதுவாகச் சொன்னார். “அன்னிக்கி நீங்க சொல்லச் சொல்ல ஆமென் போட்டவன் நான். சிஸ்டர ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல. நீங்க எழுந்தா நான் தடுக்க மாட்டேன் பிரதர். ஆனா நானா உங்களக் கூப்புட மாட்டேன். எனக்குத் தைரியம் இல்ல.”

ஒன்பதரைக்கு ஆராதனை ஆரம்பித்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மின்விசிறிகள் நாலும் சுற்றின, காற்றுதான் வரவில்லை. மகாலட்சுமி மூன்றாவது வரிசையில் மகளோடு உட்கார்ந்து, புருஷனின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்து சாட்சி வேளை வந்தது. ஒரு பெண் எழுந்து, அரியர் எல்லாம் பாஸாகிவிட்டது என்றாள். கை தட்டினார்கள். ஒருவர் எழுந்து, காணாமல் போன மாடு திரும்பி வந்துவிட்டது என்றார். அதற்கும் தட்டினார்கள். ராஜம்மாள் எழுந்து, இந்த வாரம் ஒன்றும் விசேஷமில்லை, இருந்தாலும் ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பாஸ்டர் சபையை ஒருமுறை பார்த்தார். இளையபெருமாள் எழவில்லை.

கால் வரவில்லை என்பதுதான் உண்மை. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிற கால், இந்தச் சிமென்ட் தரையில் நிற்க மறுத்தது. ஒரு வாரம் கழித்துச் சொன்னால் என்ன? பாஸ்டரே சொல்கிறாரே? லட்சுமியும் வேண்டாம் என்றுதானே கெஞ்சினாள்? காரணங்களுக்கா பஞ்சம், வரிசையாக வந்தன.

“வேற யாரும் இல்லன்னா நாம அடுத்த பாட்டு…” என்று பாஸ்டர் ஆரம்பித்தார்.

“நான் இருக்கேன் ஐயா.”

எழுந்துவிட்டார்.

“தோத்திரம். ஜனவரி மாசம் இதே எடத்துல நின்னு, எம்பொண்டாட்டி கட்டியப் பத்தி ஒரு சாட்சி சொன்னேன்…”

சொல்லி முடிப்பதற்குள் ஆமென் என்று நாலு பேர் குரல் கொடுத்தார்கள். பின்னாலிருந்து கைதட்டல் கிளம்பி முன்னால் வரை வந்தது. எல்லோருக்கும் தெரிந்த சாட்சியாயிற்றே.

“தட்டாதீங்க. கொஞ்சம் தட்டாதீங்க” என்று இரண்டு கையையும் தூக்கினார் இளையபெருமாள். “நான் சொன்னது பொய்.”

கைதட்டல் அங்கங்கே நின்றது.

“கட்டி கரையல. அப்பவும் இருந்துச்சு, இப்பவும் இருக்குது. லட்சுமி பொய் சொல்லல. குறைஞ்ச மாதிரி இருக்குதுன்னு மட்டும்தான் சொன்னா. நான்தான் சந்தோஷத்துல மீதிய சேத்துக்கிட்டேன். டாக்டரு மிரண்டு போனாருன்னு பஸ்ஸுல சொல்லியிருக்கேன். சாட்சிக்கு அப்புறம் நாங்க டாக்டர்கிட்ட போகவே இல்ல. போக நான் விடல.”

தமிழினி அம்மாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அது ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

“எனக்கு ஆண்டவர் மேல நம்பிக்க போயிடல. அவரு நல்லவரு. அது எனக்குத் தெரியும். ஆனா அவரு இன்னா பண்ணப் போறாரு, எப்ப பண்ணப் போறாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். அவரு போட வேண்டிய கையெழுத்த நான் போட்டுட்டேன். அது பொய்யாயிடக் கூடாதுன்னு எம்பொண்டாட்டி ஏழு மாசமா அத மறைச்சுக்கிட்டு…” சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கு முண்டியம்பாக்கம் போறோம். இன்னா வந்தாலும் வாங்கிக்கறோம். எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க. ஆனா அவரு முடிவ நமக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி யாரும் சொல்லிடாதீங்க. நான் பட்டது போதும்.”

உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் ஒரு பெரியவர் “தோத்திரம்” என்றார். மகாலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். சபையில் அவமானமாகவும் இருந்தது, இனிமேல் யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை என்று ஆறுதலாகவும் இருந்தது.

ஆராதனை முடிந்தபோது வழக்கமாக வந்து கை கொடுக்கிறவர்கள் யாரும் வரவில்லை. சிலர் செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகக் கிளம்பினார்கள். ராஜம்மாள் மட்டும் வந்து மகாலட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்து, “நாளைக்கு எத்தன மணி பஸ்ஸு? நானும் வரேன்” என்றாள். அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய பிரசங்கம் தேவைப்படவில்லை.

இளையபெருமாள் வாசல் பக்கம் போய் நின்றார். மனசு பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று, இனி டாக்டர், மருந்து, ஜெபம், ஆண்டவர் விட்ட வழி. அப்படித்தான் நினைத்தார் பாவம்.

ஒரு பெண் அவர் எதிரில் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கலாம். எட்டு, ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தது. குழந்தையின் நெற்றியில் பிளாஸ்திரி.

“அண்ணா, எம்பேரு மணிமொழி. வல்லத்துலருந்து வரேன். மூணு வாரமா வரேன்.”

“சொல்லும்மா.”

“என்னத் தெரியலியா? சித்திர மாசம் உங்க பஸ்ஸுல வந்தேன். எனக்குத்தான் சொன்னீங்க, சீட்டுப் பக்கத்துல நின்னு. இவ எம்மடியில தூங்கிக்கிட்டிருந்தா. அனு, எம்பொண்ணு.”

அவருக்கு ஞாபகம் இல்லை. இருப்பதாகத் தலையை ஆட்டவும் இன்றைக்கு வாய் வரவில்லை. “தெரியலம்மா” என்றார்.

“இவளுக்கு வலிப்பு வரும் அண்ணா. ரெண்டு வருசமா மாத்திர குடுத்துக்கிட்டிருந்தேன். அதுல நின்னு இருந்துச்சு. நம்பிக்க இருந்தா மாத்திர எதுக்குன்னு நீங்க சொன்னீங்கல்ல. வீட்ல யோசிச்சு யோசிச்சு, சபைக்கு வர ஆரம்பிச்ச அன்னிக்கி நிறுத்துனேன். புதன்கிழமை ரெண்டு தபா வந்துடுச்சு. கட்டில்லருந்து வுழுந்து நெத்தி ஒடைஞ்சுடுச்சு.” அவள் குரலில் கோபம் துளிகூட இல்லை. “எனக்குத்தான் நம்பிக்க பத்தலன்னு நெனச்சேன்.”

பின்னால் வந்து நின்ற தமிழினி இதைக் கேட்டதும் குழந்தையின் முன் குந்தி உட்கார்ந்தாள். “புதனுக்கப்புறம் மறுபடி வந்துதா? மாத்திர சீட்டு கையில இருக்குதா அக்கா?” என்று கேட்டாள். மணிமொழி பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். தினம் கூடவே எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

“நம்மளா குடுக்க வேணாம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில டியூட்டி டாக்டர் இருப்பாங்க, இப்பவே போய்க் கேட்டுருவோம். நைனா, வண்டிச் சாவியக் குடு.”

இளையபெருமாள் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

தமிழினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தாள். பின்னாலேயே போன மணிமொழி இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்று திரும்பினாள்.

“அண்ணா, அன்னிக்கி எம்பக்கத்துல ஒரு அம்மா அழுதுக்கிட்டே கேட்டுக்கிட்டு வந்துச்சே. எறங்கறப்ப உங்களக் கையெடுத்துக் கும்புட்டுட்டு எறங்குச்சு. அது எந்த ஊரு அண்ணா? அதுவும் இன்னாத்தையாவது நிறுத்தியிருக்குமோ?”

இளையபெருமாள் யோசித்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் யோசித்தார். ஏழு மாதம், தினமும் எட்டு நடை, பஸ் கொள்ளாத ஜனம். ஒரு முகம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. சொல்கிற சந்தோஷத்தில் கேட்கிறவர்கள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.